பெயரை விட்டுவிடும் படிப்பு

சவரிமுத்து சார் போய்விட்டார் என்ற செய்தி ஹட்டனில் ஒரு புத்தகக் கடை வாசலில் எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு வெண்கட்டி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "டீச்சர், முந்தி ஒங்க கூட கொப்பியும் கையுமா அலைவாரே, அந்த யுனிவர்சிட்டி சார், கண்டியில தவறிட்டாராம். நெஞ்சு வலியாம். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்காத மனுசன், பக்கத்து அறைக்காரங்கதான் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. நேத்தே அடக்கம் பண்ணியாச்சாம்" என்றார்.

அவரை அறிந்த உங்களில் பலர் செய்தி கேட்டதும் அழுதிருப்பீர்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. 'அப்பாடா, இனிமேல் யாருக்கும் தெரியாது' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அடுத்த நொடியே உடம்பு கூசிப் போய், வாங்கிய பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவருக்காக நண்பர்கள் போடுகிற இரங்கல் மலருக்கு "நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்க டீச்சர்" என்று கேட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றி நல்லது நாலு இல்லை, நாற்பது உண்டு. என்னைப் பற்றி ஒன்று இருக்கிறது, அது நல்லதில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டும் வேலை செய்தவரின் மகன் அவர். ஹட்டனில் படித்து, பல்கலைக்கழகம் போய், அந்தக் காலத்தில் நம்மில் யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத சமூகவியலைப் படித்தார். பிறகு அங்கேயே உதவி விரிவுரையாளர். ஆய்வேட்டுக்காக ஒரு லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், வாழ்க்கையை எழுத வேண்டும் என்று, நான் படிப்பித்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கு வந்தார். சொந்தத் தோட்டத்தை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "அங்க எல்லாரும் எனக்கு மாமா, சித்தப்பா டீச்சர். வீட்டுல என்ன சாப்பிட்டீங்கன்னு கொப்பியோட போய்க் கேட்டா செவுள்ள ஒண்ணு விடுவாங்க" என்றார்.

தோட்ட ஆபீசில் அனுமதி கேட்கப் போன அன்று நானும் ஏதோ ஒரு கடதாசிக்காக அங்கே நின்றேன். பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "சமூகவியல்னா என்னங்க தம்பி? சமூக சேவையா? மருந்து குடுப்பீங்களா, பால்மா குடுப்பீங்களா?" என்று விசாரித்தார்.

"ஒண்ணும் குடுக்க மாட்டேங்க. கேட்டு எழுதிக்கிட்டுப் போவேன்."

"கேட்டு எழுதிக்கிட்டுப் போறதுக்கு ஒரு படிப்பா!"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "குழாயடியில பேசினா வம்பு, கொப்பியில எழுதினா படிப்பு. அப்படித்தானே சார்?" என்று இடையில் விழுந்தேன். கிளாக்கர் சிரித்தார். சவரிமுத்து சாருக்குக் கோபம் வரவில்லை. சற்று யோசித்துவிட்டு, "வித்தியாசம் இருக்கு டீச்சர். வம்பு பேசுறவங்க பேரைப் பிடிச்சுக்கிட்டு காரணத்தை விட்டுடுவாங்க. நாங்க காரணத்தைப் பிடிச்சுக்கிட்டு பேரை விட்டுடுவோம்" என்றார். அதற்கும் சேர்த்து நான் சிரித்தேன். அப்போது எனக்கு அது ஒரு சாமர்த்தியமான பேச்சாகத்தான் பட்டது. லயத்துப் பெண்கள் ஓர் ஆம்பிளையிடம் மனம் விட்டுப் பேச மாட்டார்கள், நீங்கள் கூட வர வேண்டும் என்று அவர் கேட்டபோது, பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே சொதப்பினோம். சொதப்பியது நான்தான். கேள்வி கேட்க எங்கே உட்காருவது என்று கங்காணியிடம் கேட்டேன். அவர் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிற அதே இடத்தில், மேசை போட்டுக் கொடுத்தார். சனங்கள் வழக்கப்படி வரிசையில் நின்றார்கள். பெயரைச் சொன்னதும் "இருக்கேங்க" என்றார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வேளை சமைக்கிறீர்கள்? "மூணு வேளைங்க." ஏதாவது கஷ்டம்? "ஒண்ணும் இல்லீங்க." இப்படியே முப்பது பேர். கங்காணி என் முதுகுக்குப் பின்னால் நின்று அவ்வப்போது தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். ஒரே மாலையில் முப்பது தாளை நிரப்பிவிட்டேன் என்று எனக்குப் பெருமையோ பெருமை.

சார் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "டீச்சர், ஒங்க வகுப்புல முப்பது புள்ளைங்களும் ஒரே விடையை எழுதியிருந்தா என்ன செய்வீங்க?"

"யாரைப் பார்த்து எழுதிச்சுங்கன்னு தேடுவேன்."

"இங்க யாரைப் பார்த்து எழுதியிருக்காங்க?"

திரும்பிப் பார்த்தேன். கங்காணி தலைப்பாகையைச் சரி செய்துகொண்டிருந்தார். சார் அந்த முப்பது தாளையும் கிழித்து, கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கேள்வி கேக்குற எடமே பாதி பதிலைச் சொல்லிடும் டீச்சர். நாளைக்கு அடுப்படிக்குப் போவோம்" என்றார்.

அதன் பிறகு அடுப்படிகள்தான். ஆபீஸ் பதிவேட்டில் அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு ஒற்றை அறைகள். 'காம்பரா ஒன்றுக்கு ஒரு குடும்பம்' என்று நானும் பன்னிரண்டு எண் போட்டு வைத்திருந்தேன். "காம்பராவை எண்ணாதீங்க, அடுப்பை எண்ணுங்க" என்றார். எண்ணினால் பத்தொன்பது! ஒரே காம்பராவில் மாமியாருக்கு ஒரு மூலை, மருமகளுக்கு ஒரு மூலை. இந்த அடுப்பிலிருந்து அந்த அடுப்புக்கு ஒரு மிளகாய்கூடப் போகாது. இன்னோர் இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி குடும்பம் அண்ணன் வீட்டுச் சட்டியில்தான் சாப்பிட்டது. "குடும்பம்னா என்னான்னு சட்டமும் சொல்லாது, சுவரும் சொல்லாது. யாரு யாரு கூட ஒரே சட்டியில கை வைக்கிறாங்கன்னு பாருங்க" என்பார். நான் ஆசிரியப் பயிற்சியில் படித்த எதுவும் இத்தனை சுலபமாக என் மண்டையில் ஏறியதில்லை.

நான் அடுப்புக்குப் பக்கத்தில் புகையில் இருமிக்கொண்டு எழுதுவேன். அவர் வெளியே இஸ்தோப்பில், வாசல் தாழ்வாரத்தில், ஒரு விறகுக் கட்டின் மேல் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் ஊர்த் தூறல் தெரியும்தானே, இஸ்தோப்பு கூரை அதற்கு ஒரு மறைப்பா? "ஐயோ பாவம், அந்த சாரை உள்ள வரச் சொல்லுங்க டீச்சர்" என்று ஒருத்தி இரங்குவாள். "வேணாம்டி, நனையட்டும். அப்பத்தான் சீக்கிரமாக் கெளம்புவாரு" என்று இன்னொருத்தி சொல்வாள். அவருக்கும் கேட்கும். வெளியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்தப் படிப்பு எங்கே பிறந்தது என்று கேட்டேன். "ஐரோப்பாவுல. இயந்திரம் வந்து, கிராமங்க காலியாகி, சனம் மொத்தமும் ஆலைக்குப் போன காலத்துல. பழைய ஊர் ஒடஞ்சு போச்சு, புது ஊர் என்ன மாதிரின்னு யாருக்கும் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஆரம்பிச்சாங்க. நம்ம பாட்டன் பூட்டன் இங்க வந்து காடு வெட்டின அதே காலத்துல, அங்க ஒருத்தர் இந்தப் படிப்புக்குப் பேர் வச்சுக்கிட்டிருந்தார்" என்றார். பிறகு கீழே தெரிந்த தோட்டத்தைக் காட்டினார். தொழிற்சாலை, லயம், துரை பங்களா, கோயில், குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பரா எல்லாம் ஓர் உடம்பின் உறுப்புகள் மாதிரி ஒன்றுக்கு ஒன்று வேலை செய்கின்றன என்று பார்ப்பவர்கள் இந்தப் படிப்பில் உண்டாம். உடம்பும் இல்லை ஒன்றும் இல்லை, இது கயிறு இழுக்கிற போட்டி, ஒரு பக்கத்தில் துரையும் மறு பக்கத்தில் கொழுந்துக் கூடையும் என்று பார்ப்பவர்களும் உண்டாம். இந்த இரண்டு பேரும் வெகு தூரத்தில் நிற்கிறார்கள், கங்காணி வரும்போது அந்தப் பெண் ஏன் முக்காட்டை இழுத்து விடுகிறாள், அவர் போனதும் ஏன் சிரிக்கிறாள், அதிலிருந்து தொடங்கு என்று சொல்கிற மூன்றாவது கூட்டமும் இருக்கிறதாம்.

"நீங்க எந்தக் கட்சி சார்?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்று சிரித்தார். அப்புறம் முகம் மாறிப் போய், "ஒரு வீட்டுல நடந்தா தலையெழுத்துன்னு சொல்லி விட்டுடலாம் டீச்சர். வரிசையா இருபது வீட்டுல அதே நடந்தா, எழுதின கை யாருதுன்னு பாக்கணும். அதுதான் இந்தப் படிப்பு. மத்ததெல்லாம் பரீட்சைக்கு" என்றார்.

இனி, ஆறாவது அடுப்பு.

அது மூக்காயியின் அடுப்பு. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். புருசன் கருப்பையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசாத ஆள். மூக்காயி ரொட்டி தட்டிக்கொண்டே பதில் சொன்னாள். பிறந்தது எங்கே, கருப்பையாவின் அப்பா எங்கே வேலை செய்தார் எல்லாம் சொன்னாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "மூணுங்க" என்றாள். இன்னும் இரண்டு ரொட்டி தட்டினாள். பிறகு, "நாலுங்க டீச்சர்" என்றாள்.

மூத்தது, வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, நாற்பது நாளில் இறந்துவிட்டது. மூக்காயி சாப்பாட்டை விட்டுவிட்டாள், பேச்சையும் விட்டுவிட்டாள். கருப்பையா பயந்து போய், அந்தத் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, இந்தியாவில் முசிறிப் பக்கம் இருந்த அவளுடைய அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த பிள்ளை பிறந்து, அவள் எழுந்து நடமாடுகிற வரை அங்கேயே இருந்தார்கள். பிறகு திரும்பி வந்து இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். "பதினாலு மாசம் இருந்தோங்க. இது இந்த லயத்துல ஒரு குஞ்சுக்குத் தெரியாது. மொதப் புள்ளையைப் பறிகுடுத்தவன்னு தெரிஞ்சா வளைகாப்புக்கு வளையல் போடக் கூப்பிட மாட்டாங்க" என்றாள். நான் எழுதினேன். பதினான்கு மாதம் என்று எழுதும்போது தாள் முடிந்துவிட்டது, திருப்பி அடுத்த பக்கத்தில் எழுதினேன். வெளியிலிருந்து சார், "போதும் டீச்சர். கொப்பியை மூடிட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க" என்றார்.

கொப்பிகள் இரண்டு இருந்தன. அடுப்பு எண்ணும் கதையும் நீலக் கொப்பியில். எந்த எண் எந்தக் குடும்பம் என்பது பழுப்புக் கொப்பியில். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். தவணை தொடங்கிப் பல்கலைக்கழகம் திரும்பியபோது, நீலக் கொப்பியைச் சுத்தப் பிரதி எடுப்பதற்காக என்னிடம் விட்டுவிட்டு, பழுப்பை எடுத்துப் போனார். "பேரு எங்கிட்ட, கதை ஒங்ககிட்ட. ரெண்டும் சேராம பாத்துக்கணும்" என்று பஸ் ஏறும்போதும் சொன்னார்.

அது எந்தக் காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு சுதந்திரம் பெற்ற கையோடு நம் சனத்துக்குப் பிரசைகள் என்ற பேர் இல்லாமல் போனது. வேண்டுமானால் மனுப் போடு, இத்தனை வருடம் இங்கேயே இருந்தாய் என்று நிரூபி என்றார்கள். போட்ட மனுக்கள் கிடப்பில் கிடந்து, ஒவ்வொன்றாக விசாரணைக்கு வந்துகொண்டிருந்தன. கருப்பையாவுக்கும் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "நான் இங்க பொறந்தவன்னு சொல்ல எங்கிட்ட ஒரு காயிதம்கூட இல்லீங்களே டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

எனக்கு நீலக் கொப்பி ஞாபகம் வந்தது. அட்டையில் பல்கலைக்கழகத்தின் முத்திரை. ஆறாவது அடுப்பின் முதல் வரியே, 'குடும்பத் தலைவர் பிறந்தது இலங்கையில். தகப்பனாரும் இந்தப் பகுதித் தோட்டத் தொழிலாளி.' இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பல்கலைக்கழகமே எழுதியதை எந்த அதிகாரி மறுப்பான்? காகிதத்தில் எழுதியிருந்தால் அது காப்பாற்றும் என்று நம்பி வளர்ந்தவள் நான். எழுத்துத் தெரியாத சனத்துக்கு நடுவில் எழுத்துத் தெரிந்த ஒருத்திக்கு வருகிற திமிர் அது. அந்தப் பக்கத்தின் தலைப்பில், 'ஆறாவது அடுப்பு' என்று இருந்ததற்கு மேலே, கருப்பையா, மூக்காயி என்று என் கையால் பெயர் எழுதினேன். பழுப்புக் கொப்பி எனக்குத் தேவைப்படவே இல்லை.

சாருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. கருப்பையாவிடம் சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்த பிறகு அவரே வந்து கும்பிடட்டும் என்று இருந்தேன். பெரிய கிளாக்கரிடம் கொடுத்து, "இதையும் அவர் பைலோட சேர்த்து அனுப்புங்க சார், நான் குடுத்ததுன்னு யாருக்கும் சொல்ல வேணாம்" என்றேன். அவரும் அனுப்பினார். நான் எழுதிய பக்கத்தை முழுதாகத் திரும்பப் படித்துப் பார்த்தேனா என்று கேட்டால், முன்பக்கத்தைத்தான் பார்த்தேன். தாளைத் திருப்பவில்லை.

விசாரணைக்கு மறுநாள் கருப்பையா பள்ளிக்கூட வாசலில் நின்றார். நான் கரும்பலகையை விட்டுவிட்டு வெளியே வந்தேன். "மேசையில ஒரு நீலக் கொப்பி இருந்திச்சுங்க. ஐயா அதைப் பாத்துக்கிட்டே ஏதோ கேட்டாரு. பதினாலு மாசம் இந்தியாவுல இருந்தியான்னு மொழி மாத்திச் சொல்றவரு கேட்டாரு. இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க. செத்த புள்ளை மொதக்கொண்டு அதுல இருந்திச்சு. நம்ம லயத்து ஆளுங்க நாலு பேரு பின்னால ஒக்காந்திருந்தாங்க, அவங்களும் கேட்டுட்டாங்க. அவ்வளவு காலம் வெளியில இருந்தா மனு நிக்காதாம்." பிறகு, சத்தத்தை உயர்த்தாமலே, "அந்த சார் எங்களை எழுதிக் குடுத்துட்டாருங்க டீச்சர்" என்றார்.

என் விரலில் வெண்கட்டித் தூள் இருந்தது. 'நான்தான்' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "அப்படியா?"

ஒரு மாதம் கழித்து விடுமுறைக்கு சார் வந்தார். லயத்தில் காலை வைத்தால் அடி விழும் என்று சொல்வதற்காக ஹட்டன் ஸ்டேசனுக்கே போய் நின்றேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. விசாரணை முடிந்ததும் அட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்து, கொப்பியைப் பல்கலைக்கழகத்துக்கே தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து அதை எடுத்து, ஆறாவது அடுப்பைப் பிரித்தார்.

"இது ஒங்க எழுத்துத்தானே?"

"ஆமா சார். நல்லது செய்யிறதா நெனச்சு..."

"நல்லது செய்யிறதா நெனச்சுத்தான் டீச்சர் எல்லாரும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நீங்கன்னு நெனைக்கிறாங்க."

நானுஓயாப் பக்கம் போகிற வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியே இருக்கட்டும். நீங்க இங்க இருக்கணும், அவங்க புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லணும். ஒங்க மேல நம்பிக்கை போச்சுன்னா புள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க. நான் வந்து போறவன்தானே" என்றார். 'முடியாது சார், நான் போய்ச் சொல்கிறேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன். அவர் அந்தத் தாளை மட்டும் ஒழுங்காகக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு, கொப்பியை என்னிடம் கொடுத்தார். தோட்டத்தில் ஒரு மணி நேர வேலை இருக்கிறது, கூட வர வேண்டாம் என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அவர் கலாநிதிப் பட்டம் ஏன் வாங்கவில்லை என்று உங்களில் சிலர் எழுதியிருப்பதைப் படித்தேன். சோம்பல் என்று ஒருவர், குடி என்று இன்னொருவர். குடியாம்! அந்த மனிதர் தேத்தண்ணிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. எங்கள் லயத்தைப் பற்றிய அத்தியாயம்தான் அந்த ஆய்வேட்டின் உயிர். சனங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவன் அதை வைத்துப் பட்டம் வாங்கக் கூடாது என்று அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார். மிச்சம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி வரை உதவி விரிவுரையாளராகவே இருந்தார்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை பிற்பாடு அவரிடமும் படித்தது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இரண்டு கொப்பிச் சட்டத்தைச் சொல்லிவிட்டு, "என் கவனக் குறைவால் ஒரு குடும்பம் நாடில்லாமல் போனது" என்பாராம். "அது நம்ம தோட்டமா டீச்சர்?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது. எனக்குத் தெரியாது என்றேன். பொங்கலுக்குப் பொங்கல் அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வரும். வாழ்த்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'ஆறாவது அடுப்பு எப்படி இருக்கிறது?' நான் 'நன்றாக இருக்கிறார்கள்' என்று பதில் போடுவேன். பெரட்டுக் களத்தில் முப்பது பேர் சொன்ன அதே பதில். வருடா வருடம் அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர்கள் நன்றாக இல்லை. மூத்த பையன் என்னிடம்தான் படித்தான். கெட்டிக்காரன். பிரசை இல்லை என்று ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கவில்லை. இப்போது கவ்வாத்துக் கத்தியோடு அப்பா பின்னால் போகிறான். போன வருடம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் கூடி உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள். மூக்காயி குடும்பம் எந்தப் பங்கில் விழும் என்று தெரியாது. மூக்காயியை ஒரு வளைகாப்புக்கும் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

செய்தி கிடைத்த மறுநாள் ஞாயிறு. ஆறாவது அடுப்புக்குப் போனேன். மூக்காயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"சவரிமுத்து சார் தவறிட்டாரு மூக்காயி."

"கேள்விப்பட்டேங்க" என்று அடுப்பை ஊதினாள். "தனியா கெடந்து செத்தாராமே. நான் விட்ட சாபம் பலிக்கப் பத்து வருசமாச்சு."

"என்ன சாபம்?"

"அன்னைக்கு வந்தாருங்க. மழை. குடையை மடக்கிக் கையில வச்சுக்கிட்டு இஸ்தோப்புல நனைஞ்சிக்கிட்டே நின்னாரு. 'அம்மா, என் கொப்பியிலேருந்துதான் போச்சு, தப்பு என்னுது'ன்னு சொல்லி, மடிச்ச தாளு ஒண்ணை நீட்டினாரு. வாங்கி அடுப்புல போட்டேன். எரிஞ்சதும் அந்தச் சாம்பலைக் கையால அள்ளிக் கொண்டு போய் அவரு தலையில தூத்தினேன். 'எங்களை நாதியத்து நிக்க வச்சியே, நீயும் நாதியில்லாம போவே'ன்னு. தொடைச்சுக்கக்கூட இல்லீங்க. கையெடுத்துக் கும்பிட்டுட்டு அப்படியே போனாரு."

மண்ணை வாரித் தூற்றுவது நம் சனத்தின் சாபங்களில் பெரிய சாபம். அடுப்புச் சாம்பல் அதற்கும் மேலே. ஸ்டேசனில் அவர் சொன்ன ஒரு மணி நேர வேலை அது.

நான் சொன்னேன். பெயர் எழுதியது, கிளாக்கரிடம் கொடுத்தது, தாளைத் திருப்பாதது, 'அப்படியா' என்று கேட்டது, எல்லாவற்றையும். ரொட்டி கல்லில் கருகியது. மூக்காயி அதை எடுக்கவில்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இஸ்தோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த மனுசனுக்கு விட்ட சாபத்தை இனிமே நான் எங்க போய் எடுக்குறது டீச்சர்?"

"எனக்குத் திருப்பி விடு மூக்காயி."

"எம்புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த கை" என்று மட்டும் சொன்னாள். அந்த அடுப்படியில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காத முதல் நாள் அது.

நண்பர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அதிகமில்லை. ஒரு தாள் குறைந்த நீலக் கொப்பி. பத்துத் தபாலட்டைகள். அடுப்பை எண்ணுகிற பழக்கம். புதிய பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் எந்தக் காம்பரா என்று நான் கேட்பதில்லை, யார் சட்டியில் சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்கிறேன். அவர் இருந்து இதை எழுதியிருந்தால் காரணத்தை எழுதியிருப்பார். பிறந்த மண்ணில் பிறந்தேன் என்று நிரூபிக்கச் சொன்ன சட்டத்தை எழுதியிருப்பார், காகிதத்தைக் கும்பிடுகிற எங்கள் பயத்தை எழுதியிருப்பார். பேரை விட்டிருப்பார். அது அவருடைய படிப்பு, அவருடைய பெருந்தன்மை. என்னால் அது முடியாது. அந்தக் கொப்பியில் பெயரை எழுதியதும், கொடுத்ததும், பத்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் அந்தத் தோட்டப் பாடசாலையின் ஆசிரியை ஞானம்மா. அவர் தலையில் விழுந்த சாம்பல் என்னுடையது. அதைத்தான் அவரிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.